இரட்டைக் கோட்டில் காபி

அந்தத் தெருவில் கொஞ்ச காலமாக ஒரு வதந்தி உலவிக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பாட்டை வாசிக்கிறார்கள். அந்தப் பாட்டு பாதியிலேயே நிற்கிறது. வருஷக்கணக்காக அதே இடத்தில்தான் நிற்கிறது. வதந்திக்குத் தலைமை அலுவலகம் எதிர்வீட்டுத் தையல்காரர். அவர் சொல்வதில் கால்வாசி கண்ணால் பார்த்தது, கால்வாசி காதால் கேட்டது, மீதி அளவெடுக்காமல் தைத்தது.

ஏன் நிற்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம். புத்தகத்தில் அதற்கு மேல் பக்கம் கிழிந்துவிட்டது என்றது ஒரு கட்சி. அதற்கு மேல் அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றது இன்னொரு கட்சி. அந்த இடம் வந்ததும் குழல் ஊதுகிறவர்களில் ஒருவருக்குப் பழைய காதலி ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று மாடிவீட்டு அம்மாள் நம்பினார். அவருக்கு அப்படி ஏதாவது இருந்தால்தான் பொழுது போகும். தையல்காரர் மட்டும், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அந்த இடத்துல காபி வருது. காபி வந்தா எந்தப் பாட்டும் நிக்கும்" என்று முடித்துவிட்டார்.

வதந்திகளில் பொதுவாகச் சூடு இருக்கும், சரக்கு இருக்காது. இதை விசாரிக்கப் போனால் அத்தனையும் சரக்கு. பாட்டு பாதியில் நிற்பது உண்மை. காபி வருவதும் உண்மை. ஆனால் காபி வருவதால் பாட்டு நிற்கவில்லை. பாட்டு அங்கே நின்றே ஆக வேண்டும் என்பதற்காகக் காபி வருகிறது. அந்தக் காபியைப் போடுகிறவள்தான் இந்தக் கதைக்கு உரியவள்.

ஐம்பதைத் தாண்டிவிட்டாலும் தெருவுக்கு அவள் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உலகத்தை முட்டப் போகும்போது, பக்கத்து சீட்டில் இருக்கும் அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். வாரம் முழுக்கக் காரில்தான் இருக்கிறாள், ஆனால் ஓட்டுவதில்லை; நிறுத்துகிறாள். விளக்குக் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்கிற டாக்டர், வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற பேராசிரியர் எல்லோரும் அவளுடைய வலது காலை நம்பித்தான் வீடு திரும்புகிறார்கள். செருப்பு ஜோடியில் அவளுக்கு வலதுதான் முதலில் தேயும். பஸ்ஸில் போகும்போதுகூட எதிரே லாரி வந்தால் கால் தானாக அழுத்தும். முன் சீட்டுக்காரர் உதை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்ப்பார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களுக்கு, "டெஸ்டுக்கு வந்தாங்க. யாரும் பாஸாகலை" என்பாள்.

வீட்டின் முன்னறைதான் பள்ளிக்கூடம். சாலை விதிகளைச் சொல்லிக்கொடுக்க வரிசையாக நாற்காலிகள், சுவர் நிறையப் போக்குவரத்துக் குறிகள். அந்தச் சுவரை ஒட்டியே பியானோ. மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து வந்தது. மூடியின்மேல் யாரோ வைத்து மறந்த சிகரெட்டின் தழும்பு. மழை நாளில் ஒரு கட்டை கீழே போனால் மேலே வராது. வாசிக்கிற வேகத்திலேயே சுண்டுவிரலால் அதைக் கிளப்பி விட்டுக்கொண்டு போவாள். பியானோவுக்கு நேர் மேலே, சிவப்பு வட்டத்துக்குள் வளைந்த அம்பும் குறுக்கே ஒரு கோடுமாக, "இங்கே திரும்பாதே" என்கிற குறி தொங்கும். அதை அங்கே மாட்டியதில் உள்நோக்கம் எதுவும் கிடையாது. ஆனால் அவளுடைய அண்ணன் அந்தக் குறியை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவள் டிரைவர் சீட்டில் உட்காருவாள். பியானோவிலும் வலது காலுக்கு ஒரு மிதி உண்டு. ஆனால் அது நிறுத்துகிற மிதி அல்ல, சத்தத்தை ஓடவிடுகிற மிதி. வாரம் முழுக்க அழுத்தி நிறுத்திய கால், அன்று அழுத்தி ஓடவிடும். அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் கம்பங்களைக் காப்பாற்றுகிறாள் என்றால் மிகையில்லை.

பாட்டு, பியானோவுக்கும் இரண்டு குழல்களுக்குமாக எழுதியது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய யாரோ ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார். அட்டை தேய்ந்ததில் பெயர் போய்விட்டது, மீசை மட்டும் இருக்கிறது. ஒரு குழல் ஓபோ: கை நீளத்தில் ஒல்லியான கறுப்புக் குழல், வாயில் வைக்கும் இடத்தில் நாணல் சீவல் இரண்டு. வசதியாக வாழ்ந்த அத்தை மூக்கால் குறை சொல்வது போல இருக்கும் அதன் குரல். இன்னொன்று பாசூன்: ஆளுயரக் குழாயை நடுவில் மடித்து நிறுத்தியது போன்ற வாத்தியம். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கிற மாமா பேசுவது போல அடிவயிற்றிலிருந்து பேசும்.

ஓபோ அவளுடைய அண்ணன். மருந்துக்கடை வைத்திருக்கிறார். நாணல் காயாமல் இருக்க, இருமல் மருந்துக்குத் தருகிற அளவு மூடியில் தண்ணீர் விட்டு அதில் ஊறப்போடுவார். பாசூன், லிஃப்ட் மெக்கானிக். இளவயதில் இரண்டு பேரும் நகராட்சி பேண்டில் இருந்தவர்கள். பாசூனைத் தூக்க ஆள் இல்லை என்று, உயரமாக இருந்த ஒரே குற்றத்துக்காக அதை மெக்கானிக் தலையில் கட்டினார்கள். பேண்டு கலைந்த பிறகும் இருவரும் கலையவில்லை. பியானோ வந்ததும் மூவரானார்கள்.

சனிக்கிழமைகளில் அண்ணன் மகள் வந்து அத்தைக்குப் பக்கம் புரட்டுவாள். மெக்கானிக்கின் மகன் பாசூன் பெட்டியைத் தூக்கி வருவான். பெட்டியை வைத்துவிட்டுப் போக வேண்டியவன் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தான். பக்கத்தை நேரத்துக்குப் புரட்டிக்கொண்டிருந்தவள் தாமதமாகப் புரட்ட ஆரம்பித்தாள். கம்பத்தை நூறடி தூரத்தில் பார்த்துவிடும் பிரேக் அக்காவுக்கு இது தெரியாதா? தெரிந்தது. அந்த ஒரு தடவை மட்டும் அவள் பிரேக்கைத் தொடவில்லை. கல்யாணம் நிச்சயமானது. ஓபோவும் பாசூனும் சம்பந்திகள் ஆனார்கள்.

சனியன் அந்தக் கல்யாணத்தில்தான் வந்து உட்கார்ந்தது.

முதல் பாகத்தின் நடுவில் ஓர் இரட்டைக் கோடு இருக்கிறது. கோட்டின் ஓரத்தில் இரண்டு புள்ளிகள். திரும்பிப் போய் மறுபடி தொடக்கத்திலிருந்து வா, பிறகு மேலே போ என்று அதற்கு அர்த்தம். திரும்புகிறவர்களும் உண்டு, எதற்கு இரண்டு தடவை என்று நேரே போய்விடுகிறவர்களும் உண்டு. அண்ணன் திரும்புகிற கட்சி. மருந்துச் சீட்டில் ரெண்டு வேளை என்று எழுதியிருந்தால் ரெண்டு வேளைதான், ஒரு வேளையோடு நிறுத்த நீ யார் என்பது அவர் கொள்கை. சம்பந்தி நேரே போகிற கட்சி. மேலே ஏறுகிற லிஃப்ட்டைக் காரணமில்லாமல் கீழே அனுப்பினால் உள்ளே இருக்கிறவன் திட்டமாட்டானா என்பது அவர் நியாயம். வீட்டில் வாசிக்கும்போது ஒரு வாரம் இவர் இஷ்டம், ஒரு வாரம் அவர் இஷ்டம் என்று சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது.

கல்யாண மண்டபத்திலும் மூவரும் அந்தப் பாட்டை வாசிக்க உட்கார்ந்தார்கள். அன்று யார் இஷ்டம் என்று பேசிக்கொள்ள ஒருவருக்கும் நேரம் இல்லை. பெண்ணைப் பெற்றவருக்கு ஆயிரம் கவலை. மாப்பிள்ளையைப் பெற்றவருக்கு ஒரே கவலை: சாப்பாட்டு ஹால் வாசலில் நிற்கிற கூட்டம். இரட்டைக் கோடு வந்தது. அண்ணன் முறைப்படி திரும்பினார். சம்பந்தி கூட்டத்தை நினைத்து நேரே போனார். அக்காவின் வலது கை அண்ணனோடு போனது, இடது கை சம்பந்தியோடு போனது. குடும்பத்துப் பெண், வேறென்ன செய்வாள்? கொஞ்ச தூரம் மூவரும் மூன்று ஊருக்குப் போனார்கள். பிறகு நின்றார்கள். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து மண்டபமே கைதட்டியது. அதுதான் ஆறாத புண்.

தன் மகள் கல்யாணத்தில் தன்னை நடுத்தெருவில் விட்டுவிட்டார் என்றார் அண்ணன். தன் மகன் கல்யாணத்தில் தன்னைப் பைத்தியக்காரனாக்கிவிட்டார் என்றார் சம்பந்தி. அன்றோடு பேச்சு நின்றது. சனிக்கிழமை மட்டும் நிற்கவில்லை. வராமல் இருந்தால் தப்பு தன்மேல் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! ஆகையால் இருவரும் ஒரு வாரம் தவறாமல், மழையானாலும் காய்ச்சலானாலும், அடுத்தவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நட்பில்கூட அப்படி ஒழுங்காக வந்ததில்லை.

ஒரே அறையில், முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, பேசுவதெல்லாம் பியானோ வழியாக.

"பாப்பா, அந்தப் பக்கம் சுருதி கொஞ்சம் எறங்கி இருக்குன்னு சொல்லு" என்பார் அண்ணன்.

"எறங்கலை தங்கச்சி. அவரோடது ஏறி இருக்குன்னு சொல்லு."

பியானோ யாருக்காகவும் சுருதியை மாற்றிக்கொள்ளாது. மற்ற இரண்டும் அதனிடம்தான் வந்து சேர வேண்டும். அக்கா ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பாள். இருவரும் முணுமுணுத்துக்கொண்டே வந்து சேருவார்கள்.

சேராத இடம் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்குப் பிந்தைய முதல் சனிக்கிழமை, பாட்டு இரட்டைக் கோட்டை நெருங்க நெருங்க அண்ணன் கழுத்து விறைப்பதையும் சம்பந்தி மூக்கு விடைப்பதையும் அக்கா பார்த்தாள். கோட்டுக்கு முந்தைய சுரத்தில் சட்டென்று கையை எடுத்து, "காபி போடறேன்" என்று எழுந்துவிட்டாள். தொழில் புத்தி. காபி குடித்துவிட்டு அவர்கள் நேராக இரண்டாம் பாகத்துக்குப் போனார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அண்ணன் நாணலைக் கழற்றி மூடியில் போடுவார்; சம்பந்தி பாசூனைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டுவார்; காபி வரும். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வருஷங்கள் ஓடின. முதல் பாகத்தின் பிற்பாதி எப்படி இருக்கும் என்பதே மூவருக்கும் மறந்துபோனது. பேரப்பிள்ளையே பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டது. முதல் பாகம் மட்டும் இரட்டைக் கோட்டைத் தாண்டவில்லை.

அண்ணன் மகளும் மருமகனும் வேலை மாற்றலாகித் தொலைதூரத்து ஊருக்குப் போவதென்று முடிவானபோதுதான் இதற்கு ஒரு முடிவு வந்தது. கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை அத்தை வீட்டில் எல்லோரும் கூடுவது என்று பேச்சு. அன்றைக்கு அந்தப் பாட்டு வேண்டும், முழுசாக வேண்டும் என்றாள் பெண்.

"நடுவுல காபி கொண்டு வந்தீங்கன்னா அத்தை, காபியை நான் குடிச்சிடுவேன், பாட்டை விடமாட்டேன்."

பெண் கேட்டு மறுக்க அண்ணனுக்கு வாய் வரவில்லை. மருமகள் கேட்டு மறுக்கச் சம்பந்திக்கும் வரவில்லை. ஆனால் நிபந்தனைகள் வந்தன, வழக்கம்போல் பியானோ வழியாக. சபையில் இன்னொரு தடவை அந்த மாதிரி ஆனால் அன்றைக்கே ஓபோவைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவேன், அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிடு என்றார் அண்ணன். அவர் மூடுவதற்கு முன்னால் நான் மூடிவிடுவேன் என்று அவரிடம் சொல்லிவிடு என்றார் சம்பந்தி. கிண்டல் இல்லை. இரண்டு பேருடைய முகத்திலும் அவள் அதைப் பார்த்தாள்.

அன்று அவர்கள் போன பிறகு அக்கா கோடு வரைக்கும் தன் பங்கை மட்டும் தனியாக வாசித்துப் பார்த்தாள். டொய்ங் டொய்ங் என்று பதில் வராத டெலிபோன் மாதிரி இருந்தது. பாட்டு அந்த இரண்டு பேரிடம்தான் இருந்தது. அவளிடம் இருந்தது அவர்கள் உட்காருவதற்கான திண்டு. அவர்கள் எழுந்து போய்விட்டால் அவளுக்கு மிஞ்சுவது கம்பங்களும் டாக்டரும்தான்.

இவளா சும்மா இருப்பாள்? யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் போதும். தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே அண்ணன், ஊருக்குப் போகிற மகளுக்குக் கொடுத்தனுப்ப ஒரு டப்பா நிறைய மாத்திரைகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை வேளை என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு தடவை நேரே போகக்கூடாதா என்று கேட்டாள். ரெண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாகக் குறைக்கச் சொல்லி டாக்டரே வந்து கெஞ்சினாலும் செய்யமாட்டேன் என்றார். தலைவலி நிஜமாகவே வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

சம்பந்தி அன்று ஓர் ஆறு மாடி அலுவலகத்தில் லிஃப்ட்டின் கூரைமேல் வேலையாக இருந்தார். அக்கா லிஃப்டுக்குள் நின்று அண்ணாந்து பேசினாள்; மேலேயிருந்து குரல் மட்டும் அசரீரியாக வந்தது. ஒரே ஒரு தடவை திரும்பிப் போகக்கூடாதா என்றாள். ஸ்பேனர் சத்தம் நின்றது. "தங்கச்சி, நீங்க இப்ப எங்க நிக்கறீங்க? நாலாவது மாடி. மேல போகணுமா, மறுபடி தரைக்கு விட்டு ஏத்திட்டு வரட்டுமா?" என்றது அசரீரி. லிஃப்டுக்குள் சிக்கியிருந்த ஒரு கணக்கர், "மேலயே போகட்டும் மேடம், மீட்டிங் இருக்கு" என்று கெஞ்சினார். கணக்கரின் ஓட்டும் சம்பந்திக்கே விழுந்துவிட்டது. அக்கா படியிறங்கி வந்தாள்.

சனிக்கிழமை வந்தது. சாலை விதி நாற்காலிகள் எல்லாம் நிறைந்தன. தையல்காரர் ஊசி குத்திய சட்டையோடு ஜன்னலோரம் இடம்பிடித்தார். மாடிவீட்டு அம்மாள் கைக்குட்டையோடு வந்தார், பழைய காதலிக்காக. அண்ணன் மகள் முன் வரிசையில், மடியில் குழந்தை. அவள் புருஷன் பழக்கதோஷத்தில் பாசூன் பெட்டியைத் தூக்கி வந்து வைத்துவிட்டு அவளருகில் உட்கார்ந்தான்.

முதல் பாதி தண்ணீர்பட்ட பாடு. முதல் பாகத்தில் இத்தனை வருஷம் அதை மட்டுமே வாசித்தவர்கள் அல்லவா! ஓபோ குறை சொன்னது. பாசூன் சமாதானம் சொன்னது. பியானோ இருவருக்கும் நடுவில் ஓடி ஓடிப் பரிமாறியது. இரட்டைக் கோடு நெருங்கியது. அண்ணன் கழுத்து விறைத்தது. சம்பந்தி மூக்கு விடைத்தது. அக்காவின் வலது கால் தானாக, இல்லாத பிரேக்கைத் தேடியது.

கோடு வந்தது. ஒரு பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

புரட்டியது அண்ணன். நேரே போகிறார்! அக்கா சட்டென்று இந்தப் பக்கம் பார்த்தாள். சம்பந்தியின் பக்கம் புரளவில்லை. அவர் கண் தொடக்கத்துக்குத் திரும்பியிருந்தது. ஓபோ பிற்பாதியின் முதல் சுரத்தை ஊதியது. பாசூன் முற்பாதியின் முதல் சுரத்தை ஊதியது. இரண்டும் அறையின் நடுவில் முட்டிக்கொண்டு, பூனை வாலை மிதித்தது போல ஒரு சத்தம். இருவரும் குழலை வாயிலிருந்து எடுத்தார்கள்.

மாடிவீட்டு அம்மாள் கைதட்டக் கையைத் தூக்கினார். அதற்குள் அக்கா இரண்டு கையாலும் ஒரு பெரிய சுரக்கூட்டத்தை அழுத்தி, மிதியையும் அழுத்திப் பிடித்தாள். அறை முழுக்க அது ரீங்கரித்தது. பாட்டு முடியவில்லை, நின்றிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் பியானோவில் ஒரு சிக்கல். ஊதுகிறவர்கள் மாதிரி சத்தத்தை வளர்க்க முடியாது. தட்டிய கணத்திலிருந்து தேய்ந்துகொண்டேதான் போகும். அது தேய்ந்து முடிவதற்குள் ஏதாவது நடந்தாக வேண்டும். சம்பந்தியின் கால் பெட்டியை நோக்கி லேசாக நகர்வதை அவள் பார்த்தாள்.

"பாப்பா," என்றார் அண்ணன், முகம் சிவந்து. "அவர் ஏன் திரும்பினார்னு கேளு."

"கேக்கமாட்டேன். நான் கையும் காலும் வேலையா இருக்கேன். நீங்களே கேளுங்க."

சத்தம் பாதியாகத் தேய்ந்தது. அண்ணன் மகள் குழந்தையின் வாயைப் பொத்தினாள். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எதிரே இருந்த மனிதரைப் பார்த்தார்.

"ஏன் சம்பந்தி திரும்பினீங்க?"

"நீங்க திரும்புவீங்கன்னுதான்," என்றார் சம்பந்தி. குரல் பாசூனைவிடக் கீழே போயிருந்தது. "பிள்ளைங்க ஊருக்குப் போறாங்க. உங்க இஷ்டப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன். நீங்க ஏன் நேரா போனீங்க?"

"நீங்க நேராத்தானே போவீங்க?" என்றார் அண்ணன். "எம்பொண்ணு கடைசியா கேக்கறா. ஒரு வேளை குறைஞ்சா உயிரா போயிடும்னு..."

"கல்யாணத்தன்னைக்கே இப்படி விட்டுக்குடுத்திருக்கலாமேப்பா," என்றான் சம்பந்தியின் மகன்.

"விட்டுக்குடுத்திருந்தா மட்டும்?" என்றாள் அவன் பெண்டாட்டி. "ரெண்டு பேரும்தானே விட்டுக்குடுத்திருப்பாங்க. இதே மாதிரி முட்டிட்டுத்தான் நின்னிருப்பாங்க."

தையல்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு நாற்காலிகள் எல்லாம் சிரித்தன. சம்பந்தி, பாசூன் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அண்ணன் சிரிக்கக்கூடாது என்று உதட்டை மடித்து வைத்திருந்தார். உதட்டை மடித்தே நாணலைக் கவ்வுகிற ஓபோக்காரருக்கு அது பழக்கம்தான், ஆனாலும் தாங்கவில்லை.

அத்தோடு சுபம் என்று நினைத்தால், அடுத்த தகராறு ஆரம்பமானது. நேராகவே போகலாம், நீங்கள் சொன்னதுதான் சரி என்றார் அண்ணன். ஐயோ வேண்டாம், திரும்பியே போகலாம், நீங்கள் சொன்னதுதான் முறை என்றார் சம்பந்தி. இல்லவே இல்லை என்றார் இவர். கூடவே கூடாது என்றார் அவர். பகையில் இருந்தபோது இவ்வளவு பிடிவாதம் இல்லை. ரீங்காரம் நூலாகி, நூலும் அறுகிற நிலைக்கு வந்தது.

"ரெண்டு வண்டியும் வழிவிட்டு ஓரங்கட்டி நின்னா ரோடு எதுக்கு?" என்றாள் அக்கா. "இப்ப நான் ஓட்டறேன். ரெண்டு பேரும் பின்னாடி ஏறுங்க. தொடக்கத்துல இருந்து."

திரும்புகிற கட்சியில் அவள் சேர்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பிற்பாதியை அவள் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது. அதற்குள் மனசைத் திடப்படுத்திக்கொள்ள ஒரு சுற்று தேவைப்பட்டது. தலைக்கு மேலே சிவப்பு வட்டத்துக்குள் "இங்கே திரும்பாதே" தொங்க, மூவரும் அழகாகத் திரும்பினார்கள்.

இரண்டாம் தடவை கோடு வந்தபோது இரண்டு பக்கங்களும் ஒன்றாகப் புரண்டன. அதற்கு அந்தப் பக்கம் இருந்தது வழுக்குப்பாறை. சுருதி மாறி மாறிப் போகிற இடம். ஒருவருக்கும் பாடம் இல்லை. மாட்டிக்கொண்ட கட்டையை வேறு கிளப்ப வேண்டியிருந்தது. விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓர் இடத்தில் அண்ணன் வெறும் காற்றை ஊதினார், இன்னோர் இடத்தில் சம்பந்தி இரண்டு வரியை ஒரே மூச்சில் விழுங்கினார். ஆனால் விழுந்ததெல்லாம் சேர்ந்து விழுந்தது. முடிவுக்கு வந்தபோது மூவருக்கும் வேர்த்திருந்தது. அண்ணன் மகள் அழுதுகொண்டிருந்தாள். மாடிவீட்டு அம்மாள் அவளுக்குக் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, பிறகு தனக்கு வேண்டியிருந்ததால் திருப்பி வாங்கிக்கொண்டார்.

கதை இங்கே முடிந்திருக்கலாம். இரண்டாம் பாகம் மெதுவாகப் போகிற பாகம் என்பதால் முடியவில்லை.

அதில் ஒரு நீண்ட சுரம் வருகிறது. ஓபோ மேலே, பாசூன் கீழே, இரண்டும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அடியில் பியானோ மெல்ல நடக்கும். ஒருவர் மூச்சுக்குள் அடங்காத நீளம். பேண்டு நாளிலிருந்தே அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. முதலில் அண்ணன் மூச்சு எடுத்துக்கொள்வார், அந்நேரம் சம்பந்தி சுரத்தை விடாமல் தாங்குவார். பிறகு சம்பந்தி எடுத்துக்கொள்வார், அண்ணன் தாங்குவார். கேட்கிறவர்களுக்கு ஓட்டையே தெரியாது. பேச்சு இல்லாத வருஷங்களிலும் இந்த ஏற்பாடு மட்டும் அப்படியே நடந்துவந்தது. ஒருவர் மூச்சை ஒருவர் தாங்குவதற்குப் பேச்சு எதற்கு?

அன்று பாசூன் ஆடிப்போயிருந்தது. பிற்பாதியில் இறைத்த மூச்சு, சிரித்துத் தீர்த்த மூச்சு. நீண்ட சுரம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சம்பந்தியின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் மூச்சு எடுக்க வேண்டிய இடம் வந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். எடுக்கவில்லை. புருவத்தை ஒரு தூக்குத் தூக்கி, நீங்கள் எடுங்கள் என்றார். சம்பந்தி வாயைத் திறந்து, மூழ்கி எழுந்தவர் போல இழுத்துக்கொண்டார். அடுத்து சம்பந்தியின் முறை வந்தபோது அதையும் அவருக்கே விட்டுவிட்டு அண்ணன் தாங்கினார். சுரம் முடிந்தபோது அண்ணனின் கண்கள் பிதுங்கி மேலே, "இங்கே திரும்பாதே"யைப் பார்த்துக்கொண்டிருந்தன. சபையில் யாருக்கும் எதுவும் தெரியாது. பியானோவில் இருந்தவளுக்குத் தெரியும். சம்பந்திக்கும் தெரியும்.

பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். சனிக்கிழமை அப்படியே இருக்கிறது. பெட்டிகள் மூடப்படவில்லை, வாய்கள்தான் மூடுவதில்லை. சேர்த்து வைத்ததையெல்லாம் பேசுகிறார்கள். தூது சொல்ல வேண்டிய விஷயமே இல்லாததால் அக்கா இப்போது வெறும் பியானோ வாசிக்கிறாள். காபி இரட்டைக் கோட்டில் வருவதில்லை, முதல் பாகம் முழுதும் முடிந்த பிறகு வருகிறது. ஒரு வாரம் திரும்புகிறார்கள், ஒரு வாரம் நேரே போகிறார்கள். எந்த வாரம் எது என்பதை அக்காதான் சொல்வாள்.

ஆனால் இரண்டாம் பாகம் கெட்டுவிட்டது.

"அன்னைக்கு நான் ஒரு மூச்சு அதிகமா வாங்கிட்டேன்," என்கிறார் சம்பந்தி. "திருப்பித் தராம என்னால தூங்க முடியலை."

"அதெல்லாம் கடனா? சம்பந்திக்குள்ள என்ன கணக்கு?" என்கிறார் அண்ணன்.

"கணக்கு கணக்குதான். இன்னைக்கு உங்க முறை, என் முறை ரெண்டையும் நீங்களே எடுத்துக்கறீங்க. நான் தாங்கறேன்."

நீண்ட சுரம் வரும். முதல் முறையில் அண்ணன் எடுத்துக்கொள்ளமாட்டார்; எடுத்தால் கடனை வசூல் செய்த மாதிரி ஆகிவிடுமாம். இரண்டாம் முறையில் சம்பந்தி எடுக்கமாட்டார். எடுத்தால் கடன் இன்னும் ஏறிவிடுமாம். எடுங்கள் என்று இவர் புருவத்தைத் தூக்குவார், நீங்கள் எடுங்கள் என்று அவர் புருவத்தைத் தூக்குவார். இரண்டு பேரும் நிறம் மாறிக்கொண்டே போவார்கள். கடைசியில் இரண்டு குழலும் ஒரே நேரத்தில் அறுந்து, பஸ் டயர் இரண்டு வெடித்த மாதிரி இரண்டு பெருமூச்சு தெரு வரை கேட்கும். பியானோ மட்டும் தனியே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, யாரும் வராததைப் பார்த்து நிற்கும்.

எதிர்வீட்டில் புதிய வதந்தி தயாராகிவிட்டது. சனிக்கிழமைதோறும் அந்த வீட்டில் இரண்டு பேர் தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்கிற பந்தயம் நடத்துகிறார்களாம். பிரேக் அக்காதான் நடுவராம். விசாரித்ததில் இதுவும் கிட்டத்தட்ட உண்மை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைதூரத்து ஊரிலிருந்து போன் வரும். குழந்தை என்ன செய்கிறது, புது வீடு எப்படி என்பதெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் மகள் கேட்பாள்: "அத்தை, அந்த மூச்சுக் கடன் தீர்ந்துச்சா?"

"எங்க?" என்பாள் அக்கா. "நேத்தும் பாக்கிதான்."